கடலில் மீன் கூடுகள்: அம்பாறைக் கரைக்கு எது பொருந்தும்?

கல்முனையிலிருந்து கிட்டங்கி வழியாக மேற்கே செல்லும் வீதி சவளக்கடையை அடைகிறது. நாவிதன்வெளிப் பிரதேசத்தில், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் வயல் சூழ்ந்த ஊர் அது. கடலில் மீன் வளர்ப்பது பற்றிய கட்டுரையொன்று கடற்கரை இல்லாத ஊரிலிருந்து தொடங்குவது வாசகருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் கூட்டினுள் மீன் வளர்க்கும் தொழிலில் பாதிக்கும் மேற்பட்ட வேலை கரையிலேயே நடைபெறுகின்றது. குஞ்சுகளைப் பேணுதல், தீவனம் தயாரித்தல், வலை திருத்துதல், பனிக்கட்டி, போக்குவரத்து, சந்தை ஆகிய அனைத்தும் நிலத்தைச் சார்ந்தவை. இத்தொழில் எமது பிரதேசத்துக்கு வருமாயின், கடலோர ஊர்களுக்கும் வயலோர ஊர்களுக்கும் அதில் பங்குண்டு. அதனால் விளையக்கூடிய நன்மை தீமைகளை இரு சாராரும் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியமாகும்.

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள எமது கரையோரத்தில் வாடைக்காற்று வீசும் மாதங்கள் வறுமையின் மாதங்களாகும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் தோணிகள் கரையேற்றப்படுகின்றன. கரைவலைகள் மடித்து வைக்கப்படுகின்றன. அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பங்கள் முதலாளிமாரிடம் முற்பணம் பெற்றுக் காலத்தைக் கழிக்கின்றன. அடுத்த பருவத்தின் உழைப்பில் ஒரு பகுதி அக்கடனுக்கே போய்விடுகிறது. கடலை நம்பி வாழ்வோருக்கு மாற்று வருமானம் தேடப்படும்போதெல்லாம் மீன் வளர்ப்பு ஒரு வழியாக முன்வைக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

உலகப் போக்கும் அத்திசையிலேயே உள்ளது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் கணக்கின்படி, 2022 ஆம் ஆண்டில் முதன்முறையாக, பிடிக்கப்பட்ட நீர்வாழ் உயிரினங்களை விட வளர்க்கப்பட்டவை அதிகமாயின. அவ்வாண்டில் வளர்ப்பு மூலம் கிடைத்தது 94.4 மில்லியன் தொன். மொத்தத்தில் 51 சதவீதம். இதன் பெரும்பகுதி உள்நாட்டு நன்னீர்க் குளங்களிலிருந்து வருவது என்பதையும் மறந்துவிடலாகாது. கடலில் வளர்ப்பது அதைவிடக் கடினமான வேலை. அக்கடினத்தைக் குறைத்த கருவிகளுள் முதன்மையானது மிதக்கும் பிளாஸ்டிக் கூடு.

மூங்கிலிலிருந்து பிளாஸ்டிக்குக்கு

நீரில் கூடு கட்டி மீன் வளர்ப்பது ஆசியாவுக்குப் புதியதன்று. கம்போடியாவிலும் மீகொங் நதிக்கரைகளிலும் மூங்கில் கூடுகளில் மீன்களை அடைத்து வளர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கின்றது. ஆற்றின் ஓட்டத்துக்கு மூங்கில் போதுமானது. கடலின் அலைக்கு அது போதாது.

நோர்வேயின் ஹித்ரா தீவில் 1970 ஆம் ஆண்டில் குரோன்வெட் சகோதரர்கள் எண்கோண வடிவ மரக்கூடொன்றைக் கடலில் மிதக்கவிட்டு சல்மன் மீன் வளர்த்தனர். இன்றைய கடற்கூட்டுத் தொழிலின் தொடக்கமாக அதனையே பலரும் குறிப்பிடுவர். மரமும் உருக்கும் கொண்டு செய்த சட்டங்களுக்குப் பொதுவான ஒரு குறை இருந்தது. சட்டத்தின் பகுதிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் மூட்டுகளில் அலையின் விசை ஓயாது தாக்கியது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அலைகள் ஒரே மூட்டை வளைத்து நிமிர்த்தும்போது உலோகம் களைத்து வெடிக்கும், ஆணி தளரும், மரம் பிளக்கும்.

1970களின் நடுப்பகுதியில் நோர்வேயிலேயே பிளாஸ்டிக் குழாயை வளையமாக வளைத்துக் கூடு செய்யும் முறை உருவானது. உயர் அடர்த்திப் பொலிஎதிலீன் என அழைக்கப்படும் அந்தப் பிளாஸ்டிக், வீடுகளுக்குக் குடிநீர் கொண்டுவரும் கறுப்புக் குழாய்களின் இனத்தைச் சேர்ந்தது. அவ்வளையத்தில் உடைவதற்கு மூட்டு இல்லை. அலையை எதிர்த்து நிற்பதற்குப் பதிலாக அது அலையோடு வளைந்து, அலை கடந்ததும் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. புயலில் நெடிய மரம் சாய, நாணல் நிமிர்வதை ஒத்தது இது.

கூட்டின் உறுப்புகள்

கூட்டின் அமைப்பை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஒன்றினுள் ஒன்றாக இரண்டு குழாய் வளையங்கள் நீரில் மிதக்கும். இந்தியாவில் பரவலாகப் பயன்படும் சிறிய கூட்டில் உள்வளையத்தின் விட்டம் 6 மீற்றர்; வெளிவளையத்தினது 7 மீற்றர். இரண்டையும் தாங்கிகள் இணைக்கின்றன. அத்தாங்கிகளின் மேல், இடுப்புயரத்தில், கைபிடி வளையமொன்று உண்டு. மீனுக்குத் தீவனமிடுவோர் வளையங்களின் மீது நின்று வேலை செய்ய அது உதவுகிறது.

இப்பிளாஸ்டிக் ஒரு கன சென்ரிமீற்றருக்குச் சுமார் 0.95 கிராம் நிறையுடையது. கடல் நீர் 1.025 கிராம். எனவே குழாய் நீரை விட இலேசானது. உள்ளே காற்று இருப்பதால் மிதப்பு மேலும் கூடுகின்றது. 140 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய் முழுதாக அமிழ்ந்தால் ஒவ்வொரு மீற்றர் நீளமும் சுமார் 16 கிலோகிராம் கடல் நீரை இடம்பெயர்க்கும். குழாயின் சொந்த நிறையைக் கழித்தாலும் மீற்றருக்கு 10 கிலோவுக்கு மேற்பட்ட சுமையை அது தாங்கவல்லது. படகொன்று மோதிக் குழாய் துளைபட்டால் நீர் புகுந்து கூடு தாழாதிருக்கும் பொருட்டு, உட்புறம் இலேசான நுரைப் பொருளால் நிரப்பப்படுவதும் உண்டு. வெயிலில் பிளாஸ்டிக் வெடிக்காதிருக்கப் புகைக்கரி கலக்கப்படுகிறது. குழாய்கள் கறுப்பாக இருப்பது அதனாலேயே. குழாய்த் துண்டுகளின் முனைகளைச் சூடான தட்டில் உருக்கி அழுத்தி ஒட்டுவார்கள். பசையோ ஆணியோ இல்லை. சரியாக ஒட்டப்பட்ட பொருத்து குழாயளவு வலிமையுடையது. அவசரத்தில் ஒட்டப்பட்டால் முதல் மாரியிலேயே பிரியும்.

வளையத்திலிருந்து வலைப்பை தொங்குகிறது. உள்வலை மீனை அடக்குகிறது. வெளிவலை பெரிய மீன்களும் பிற இரைதேடிகளும் உள்வலையைக் கிழிக்காது காக்கிறது. மேலே பறவைகளைத் தடுக்க இன்னொரு வலை. வலைப்பையின் அடியில் கனமான வளையமொன்று கட்டப்படுகிறது. நீரோட்டம் தள்ளும்போது வலை ஒரு புறம் ஒதுங்கி மீன்கள் நெருக்குண்டு இறவாதிருக்க, அதுவே வலையின் வடிவைப் பேணுகிறது.

கூடு பெரிதாகும்போது இலாபம் ஏன் கூடுகிறது என்பதையும் இங்கு கணக்கிட்டுப் பார்க்கலாம். 6 மீற்றர் விட்டமும் 4 மீற்றர் ஆழமும் கொண்ட வலைப்பை சுமார் 113 கன மீற்றர் நீரைக் கொள்ளும். விட்டத்தை 12 மீற்றராக்கினால் கொள்ளளவு 452 கன மீற்றராகிறது. குழாயின் நீளம் இரட்டிக்கையில் மீனுக்கான இடம் நான்கு மடங்காகிறது. நோர்வேயில் 50 மீற்றர் விட்டமுள்ள வளையங்கள் சாதாரணமானவை. ஒரு கூட்டில் 2 இலட்சம் மீன்களுக்கு மேல் விடக்கூடாதென்று அங்கு சட்டமே உண்டு. ஆனால் பெரிய வலையில் நீரோட்டத்தின் இழுப்பும் பெரிது. நீரோட்டத்தின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். அவ்விசை முழுவதும் இறுதியில் நங்கூரத்துக்கே சென்று சேருகிறது.

நங்கூரமே உயிர்நாடி

கடற்கூடுகள் அழிந்த வரலாற்றைப் பார்த்தால், வளையம் உடைந்து அழிந்தவற்றை விட, கயிறு, சங்கிலி, நங்கூரம் ஆகியன கைவிட்டமையாலும் வலை கிழிந்தமையாலும் அழிந்தவை பல. கண்ணுக்குத் தெரியும் மிதப்பில் காட்டப்படும் அக்கறை கண்ணுக்குத் தெரியாத கடலடிக்குக் காட்டப்படாமையே இதற்குக் காரணம்.

நங்கூரமிடுதலில் இரு முறைகள் உள்ளன. ஒற்றைப் புள்ளி முறையில் கூடு ஒரே சங்கிலியில் கட்டப்பட்டு, நீரோட்டத்துக்கேற்ப அதனைச் சுற்றி நகருகிறது. கழிவு ஓரிடத்தில் குவியாது பரவும், செலவும் குறைவு. ஆனால் கூடு சுற்றிவரப் பரந்த இடம் வேண்டும். முழுச் சுமையையும் ஒரே சங்கிலி சுமக்க வேண்டும். பல புள்ளி முறையில் நாற்புறமும் கயிறுகள் இழுத்துக் கட்டப்படுகின்றன. சுமை பகிரப்படுகிறது, இடம் மிச்சமாகிறது, செலவு கூடுகிறது. எம்முறையாயினும் கயிறும் சங்கிலியும் கடலின் ஆழத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு நீளமாக இருத்தல் நன்று. அலை எழும்பும்போது தொய்வு இல்லாத கயிறு திடீரென விறைத்து அறுந்துபோகும். இடையில் மிதவைகளை வைப்பது அவ்வதிர்ச்சியைத் தணிப்பதற்காகும்.

எமக்கு மிக அண்மையிலுள்ள அனுபவம் இந்தியாவினது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் விசாகப்பட்டினத்துக் கடலில் 15 மீற்றர் விட்டமுள்ள பொலிஎதிலீன் கூடொன்றைப் பரீட்சார்த்தமாக இறக்கியது. வங்காள விரிகுடாவின் திறந்த கடலில் அதனைப் பராமரிப்பது சிறு மீனவர்களின் கைக்கு மிஞ்சியதாக இருந்தது. அனுபவத்தைக் கொண்டு வடிவம் திருத்தப்பட்டு, நாலைந்து பேர் கொண்ட குழு கையாளக்கூடிய 6 மீற்றர்க் கூடு உருவானது. கல் நிரப்பிய பெட்டிகள் நங்கூரமாயின. செலவைக் குறைக்க, துத்தநாகம் பூசிய இரும்புக் கூடுகளும் கூடவே வந்தன. அதே நிறுவனத்தின் மண்டபம் நிலையம் 2010 இல் கடல் விராலையும், 2011 இல் கொடுவா பாரையையும் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கச் செய்தது. குஞ்சு கிடைத்த பின்னரே கூடுகள் பரவின. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழினுட்ப நிறுவனம் 9 மீற்றர் விட்டமுள்ள, பல புள்ளிகளில் நங்கூரமிட்ட கூடுகளை இராமேசுவரத்துக்கு அருகே ஓலைக்குடாவிலும் ஆந்திரத்தின் கொத்தசத்திரத்திலும் அந்தமானிலும் இறக்கிச் சோதித்தது. பெரிதாகத் தொடங்கிச் சிறிதாக்கிக் கற்ற இப்பாடம் எமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

வியட்நாமின் அனுபவம் கண்ணீரோடு கூடியது. 2017 நவம்பரில் வீசிய டாம்ரி சூறாவளி கான் ஹோவா மாகாணத்தில் மரக்கூடுகளை ஆயிரக்கணக்கில் அடித்துச் சென்றது. அதன் பின்னர் அங்கு பிளாஸ்டிக் கூடுகளுக்கு மாறும் முயற்சி தீவிரமடைந்தது. ஆயினும் 2024 செப்டெம்பரில் வடக்கே குவாங் நின் மாகாணத்தைத் தாக்கிய யாகி சூறாவளி, மீன் வளர்ப்போருக்குப் பேரிழப்பை உண்டாக்கியது. பிளாஸ்டிக் வளையம் ஆபத்தைக் குறைக்கிறது, நீக்குவதில்லை.

2017 ஓகஸ்டில் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் உருக்குக் கூட்டுத் தொகுதியொன்று சரிந்து இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சல்மன் மீன்கள் தப்பின. அந்நாளில் புயல் எதுவும் வீசவில்லை. அரச விசாரணை கண்டறிந்த காரணம், வலைகளில் மட்டியும் பாசியும் அளவுகடந்து வளர்ந்திருந்தமையாகும். அடைபட்ட வலை நீரோட்டத்துக்குப் பாய்மரம்போல் ஆகி நங்கூரத்தை இழுத்துவிட்டது. வெப்பமண்டலக் கடலில் பாசியும் மட்டியும் இன்னும் விரைவாகப் படியும். எனவே, எமது கடலில் வலையை அடிக்கடி கழற்றித் துப்புரவு செய்வது தொழிலின் மையமான வேலையாகவே அமையும். அதற்கான கூலியையும் நாட்களையும் கணக்கில் சேர்க்காத திட்ட அறிக்கை நம்பத்தக்கதன்று.

நோர்வே இத்தகைய விபத்துகளிலிருந்து ஒழுங்கைக் கற்றது. 2003 இல் மிதக்கும் மீன் பண்ணைகளுக்கான தொழினுட்பத் தர நிர்ணயம் அங்கு வெளியிடப்பட்டது. பண்ணை அமையவுள்ள இடத்தின் அலை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றை அளந்த பின்னரே கூட்டையும் நங்கூரத்தையும் தெரிவு செய்யவேண்டுமென அது விதித்தது. பொருளை முதலில் வாங்கிப் பின்னர் இடம் தேடும் வழக்கம் முடிவுக்கு வந்தது.

எமது கடலின் இயல்பு

இந்த ஒழுங்கை அம்பாறைக் கரையில் பொருத்திப் பார்ப்போம். நோர்வேயின் கூடுகள் நெடுங்காலம் மலைகளுக்கிடையே ஒதுங்கிய கடல் நீரேரிகளில் மிதந்தன. இலங்கையில் பிளாஸ்டிக் கூடுகளில் கொடுவா வளர்க்கும் வணிக முயற்சி வேரூன்றியது திருகோணமலை விரிகுடாவில். அங்கும் இயற்கையான ஒதுக்கிடம் உண்டு. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, திருக்கோவில் என நீளும் எமது கரை ஏறத்தாழ நேர்கோடாக, வங்காள விரிகுடாவை நேருக்கு நேர் பார்த்து நிற்கிறது. மறைப்பதற்கு மலையோ, ஒதுங்குவதற்கு விரிகுடாவோ இல்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியையும் 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையையும் இக்கரை கண்டது. ஆழிப்பேரலையில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே.

கடலை அளக்காது கடலில் கட்டுவதன் விலையை அறிய நாம் வெளிநாடு செல்லவேண்டியதில்லை. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் நுழைவாயிலை மணல் மூடியது. துறைமுகத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டுத் தென்னந்தோப்புகளும் நிலங்களும் கடலுள் சென்றன. கரையோரமாக மணல் நகரும் திசையை மாற்றினால் எங்கோ ஓரிடம் மேடாகும், இன்னோரிடம் பள்ளமாகும் என்ற இயற்கை விதியை ஒலுவில் மக்கள் தம் காணிகளை இழந்து கற்றனர்.

ஆகையால், எமது கரைக்குப் பொருந்தக்கூடியது ஆண்டு முழுவதும் நிற்கும் கூடன்று, பருவகாலக் கூடாகும். வாடை தணியும் மார்ச் மாதமளவில் கூட்டை இறக்கி, ஒக்டோபர் மழைக்கு முன் மீனை அறுவடை செய்து, வலையையும் வளையத்தையும் கரைசேர்த்துவிட வேண்டும். அவ்வேழு மாதங்களில் மீன் விற்பனைக்குரிய அளவை எட்டவேண்டுமாயின், விரலளவு குஞ்சுகளைக் கடலில் விடுவது பயன்தராது. நன்கு தேறிய இளமீன்களையே விடவேண்டும். அவ்விளமீன்கள் மாரி மாதங்களில் எங்கே வளரும் என்பதே கேள்வி. இவ்விடத்திற்றான் சவளக்கடை போன்ற ஊர்கள் வருகின்றன.

வயலோரத்தில் வளரும் கடல் மீன்

கொடுவா மீன் விந்தையான இயல்புடையது. நன்னீரிலும் உவர் நீரிலும் கடலிலும் அதனால் வாழ முடியும். உப்பின் அளவைப் படிப்படியாக மாற்றிப் பழக்கினால், குளத்தில் வளர்ந்த இளமீனைக் கடற்கூட்டுக்கு மாற்றலாம். மட்டக்களப்பு வாவியின் தென்புற நீர்ப்பரப்புகள் கல்முனைப் புறம்வரை நீள்கின்றன. அவற்றை அண்டிய ஊர்களில், வெள்ள மட்டத்துக்கு மேலான காணிகளில் தொட்டிகளோ குளங்களோ அமைத்து, கடல் கொந்தளிக்கும் மாதங்களில் குஞ்சுகளைப் பேணலாம். பெண்களும், கடலுக்குச் செல்ல இயலாத முதியோரும் வீட்டிலிருந்தபடி செய்யத்தக்க வேலை இது. கொடுவாக் குஞ்சுகளில் பெரியவை சிறியவற்றை விழுங்கிவிடும். எனவே சில நாட்களுக்கு ஒருமுறை அளவுவாரியாகப் பிரித்து வைத்தல் வேண்டும். பொறுமையும் கவனமும் கோரும் இவ்வேலைக்குக் கூலி கொடுப்பது நியாயமே.

ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வயல்களிலிருந்து வடியும் நீர் களைகொல்லியையும் பூச்சிகொல்லியையும் உரத்தையும் தாழ்நிலங்களுக்குக் கொண்டு செல்கிறது. மீன் குஞ்சுகள் அவற்றைத் தாங்கமாட்டா. குளம் அமைக்கும் இடத்தின் நீரை வெவ்வேறு பருவங்களில் சோதிக்காமல் ஒரு குஞ்சையும் விடலாகாது. மாரியில் கிட்டங்கிப் பகுதியில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்துத் தடைப்படுவதை அறிந்தோருக்கு, வாவிக்குள்ளேயே கூடு கட்டும் யோசனையின் ஆபத்தை விளக்கவேண்டியதில்லை.

அடுத்தது தீவனம். கொடுவா ஊனுண்ணி. சூடை, சாளை போன்ற சிறுமீன்களை வெட்டிப்போட்டு வளர்த்தால் ஒரு கிலோ கொடுவாவுக்கு நாலைந்து கிலோவுக்கும் மேற்பட்ட சிறுமீன் செலவாகும். ஏழையின் சட்டிக்குச் செல்லவேண்டிய மீனைச் செல்வந்தரின் தட்டுக்கு மாற்றும் செயலாக அது முடியும். தயாரித்த தீவனக் குருணையாயின் ஒன்றரை முதல் இரண்டு கிலோ போதுமானது. நீரும் அதிகம் மாசுபடாது. ஆனால் உற்பத்திச் செலவில் பாதிக்கும் மேல் தீவனத்துக்கே போய்விடும். இறக்குமதித் தீவனத்தைப் பயன்படுத்துகையில், அதில் சேர்ந்துள்ள விலங்குப் புரதம் எதிலிருந்து பெறப்பட்டது என்பதை அறியும் உரிமை முஸ்லிம் நுகர்வோருக்கு உண்டு. கடல் மீன் ஆகுமானது என்பதில் ஐயமில்லை. அதற்கு ஊட்டப்படுவது எது என்பதில் தெளிவு வேண்டும். பொதியின் மீது உள்ளடக்கம் எழுதப்படுவதும் ஹலால் உறுதி பெறப்படுவதும் சந்தையில் நம்பிக்கையை வளர்க்கும்.

நீர் யாருடையது?

தொழினுட்பக் கேள்விகளுக்கு விடையுண்டு. அவற்றினும் கடினமானது உரிமை பற்றிய கேள்வி. கூடுகளுக்கு ஏற்ற அமைதியான மாதங்களே கரைவலைக்கும் ஏற்ற மாதங்கள். கரைவலை வளைக்கும் நீர்ப்பரப்பில் நங்கூரக் கயிறுகள் கிடந்தால் வலை கிழியும். வலை இழுப்போரின் அன்றைய கூலி போகும். சிறு தோணிகள் சென்றுவரும் வழியில் கூடுகள் நின்றால் இரவில் விபத்து நேரும். பங்காளிகளாக வாழ்ந்த அயலூர்கள் பகையாளிகளாவதற்கு இவை போதும்.

வடக்கின் கடலட்டைப் பண்ணைகள் இதற்கு அண்மைய சான்று. கிளிநொச்சி மாவட்டத்தின் கௌதாரிமுனையில் 2021 இல் வெளிநாட்டுத் தொடர்புடைய பண்ணையொன்று தோன்றியதும், பின்னர் பல இடங்களில் பண்ணைகள் பரவியதும், பாரம்பரியமாகத் தொழில் செய்த இடங்கள் அடைக்கப்படுவதாகச் சிறுமீனவர்கள் போராடியதும் பத்திரிகை வாசகர் அறிந்தவை. அட்டை வளர்ப்பால் வருமானம் பெற்ற மீனவர்களும் உண்டு. பிணக்கு அட்டையைப் பற்றியதன்று. கடலில் வேலி போடுமுன் கடலில் வாழ்வோரைக் கேட்டார்களா என்பதைப் பற்றியதாகும்.

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் மீன் வளர்ப்புக்கு அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென விதிக்கிறது. தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும், நாரா எனப்படும் ஆய்வு நிறுவனமும் இதற்கான பொறுப்பைக் கொண்டுள்ளன. அனுமதி கொடுக்குமுன், கரைவலைப் பாடுகளும் தோணிப் பாதைகளும் மீனவர் சங்கங்களின் முன்னிலையில் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்களும் கோயில் நிருவாகங்களும் அக்கூட்டங்களில் சாட்சியாக அமர்ந்தால், பின்னர் எழும் பிணக்குகளை ஊரிலேயே தீர்க்கமுடியும்.

மூலதனமும் உரிமையின் ஒரு பகுதியே. கூடு, வலை, நங்கூரம், குஞ்சு, தீவனம் ஆகிய அனைத்துக்கும் முன்பணம் வேண்டும். மீன் விற்பனையாகும் வரை ஒரு சதமும் திரும்பாது. வட்டிக்குக் கடன் பெற்று இத்தொழிலில் இறங்குபவர் ஒரு புயலில் அனைத்தையும் இழந்தாலும் கடன் நிற்கும். இலாபத்தையும் நட்டத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் முழாரபா, முஷாரகா முறைகள் இவ்வகைத் தொழிலுக்கு இயல்பாகப் பொருந்துவன. முதலிடுபவரும் ஆபத்தைச் சுமப்பதால், நங்கூரம் சரியாக இடப்பட்டதா என்று அவரும் கேட்பார். 2011 முதல் முழுமையாக வட்டியற்ற முறையில் இயங்கும் வங்கியொன்று இலங்கையில் உண்டு. தமிழ், முஸ்லிம் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றிணைந்து இத்தகைய ஏற்பாட்டை நாடலாம். பரஸ்பர உதவி அடிப்படையிலான தகாபுல் காப்புறுதியும் ஆராயத்தக்கது.

ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரமெங்கும் படகுகள் தாராளமாக வழங்கப்பட்டன. அவற்றுள் தரமற்றவையும், அவ்வவ்விடத்துத் தொழிலுக்குப் பொருந்தாதவையும் இருந்தன. கொடுப்பவரின் வசதிப்படி அமைந்த உதவி பெறுபவரின் பயன்பாட்டுக்கு உதவாமற்போன அனுபவம் கிழக்குக்குப் புதிதன்று. கூடுகளும் அப்படியே வந்து சேருமாயின், சில ஆண்டுகளில் அவை கரையில் கறுப்பு வளையங்களாகக் கிடக்கும்.

அவ்வாறு கிடக்கும் பிளாஸ்டிக்கையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 2021 இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கடலில் சிந்திய சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளில், கூட்டுக் குழாய் செய்யப்படும் அதே வகைப் பொலிஎதிலீனும் இருந்தது. உக்காத அப்பொருள் கடலுக்கு என்ன செய்யும் என்பதை அந்நாட்களில் நாடே கண்டது. அறுந்த வலை கடலில் மிதந்து யாருக்கும் பயனின்றி மீன்களைக் கொன்றுகொண்டே இருக்கும். எனவே ஒவ்வொரு கூட்டுக்கும் இலக்கம் இடப்பட்டு, காலம் முடிந்ததும் அதனைக் கரைசேர்த்து மீள்சுழற்சிக்கு ஒப்படைக்கும் பொறுப்பு உரிமையாளரிடம் இருத்தல் வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் வழி தெளிவாகிறது. முதல் ஆண்டில் கூடு எதுவும் வேண்டியதில்லை. அலை, நீரோட்டம், ஆழம், அடித்தரை ஆகியவற்றை ஒரு முழு ஆண்டு அளக்கட்டும். வலையின் அடிக்கும் கடலடிக்கும் இடையே எக்காலத்திலும் குறைந்தது இரண்டு மூன்று மீற்றர் இடைவெளி இருக்கும் இடம் எது, அது கரைவலைப் பாட்டுக்கு வெளியே உள்ளதா என்பது அவ்வளவையிலிருந்து தெரியவரும். வாவியோரக் குளங்களின் நீரும் அதே ஆண்டில் சோதிக்கப்படட்டும். இரண்டாம் ஆண்டில், இரண்டு அல்லது மூன்று 6 மீற்றர்க் கூடுகளை மீனவர் சங்கமொன்றின் உரிமையில், பருவகாலத்துக்கு மட்டும் இறக்கலாம். வரவு செலவுக் கணக்கை ஊரறிய வெளியிடுவது நிபந்தனையாகட்டும். நட்டம் வந்தால் அதனையும் வெளியிட வேண்டும். அதன் பின்னரே விரிவாக்கம் பற்றிப் பேசலாம்.

கல்முனைச் சந்தையில் மீன் வாங்கும் ஒருவருக்கு இவையெல்லாம் தொலைதூர விடயங்களாகத் தோன்றலாம். ஆனால் கடலில் இடம் ஒதுக்கும் தீர்மானங்கள் எடுக்கப்பட்ட பின்னர் அவற்றை மாற்றுவது எளிதன்று. ஒலுவிலில் போட்ட கல்லை இன்றுவரை எவரும் அகற்றவில்லை. அளக்கவும் கேட்கவும் கணக்கிடவும் வேண்டிய காலம் கூடு இறங்குவதற்கு முந்தியதாகும். அக்காலம் இன்னும் எமது கையில் இருக்கிறது.